ஏழாவது ஜாடி

டாக்டர் சண்முகரத்தினம் அன்று காலையும் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மூன்றாம் வார்டுக்குள் நுழைந்தார். வார்டில் நாற்றம் எதுவும் இல்லை. விடியற்காலையிலேயே மருந்து போட்டுக் கழுவிவிட்ட தரை. ஆனாலும் கூலிக்காரர்கள் படுத்திருக்கும் இடத்தில் மூக்கைப் பொத்துவதுதான் படித்தவனுக்கு அழகு என்பது அவருடைய எண்ணம்.

அது 1931. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. காலையில் அவருக்கு வார்டு வேலை. பிற்பகலில் பின்கட்டிலிருந்த பலகைக் கட்டடத்தில் ஆராய்ச்சி. இரைப்பையிலும் குடலிலும் வளரும் கட்டிகளை அறுத்து, ஜாடியில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவார். மூன்று வருடத்தில் ஆறு ஜாடிகள் சேர்ந்திருந்தன. கணையத்தில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் கட்டுரையைச் சிங்கப்பூர் டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டாம் கட்டிலில் புதிதாக ஒருவன் கிடந்தான். பெயர் பக்கிரிசாமி. செந்தூல் ரயில் பட்டறையில் சக்கரம் உருட்டுகிறவன். கண்ணும் தோலும் மஞ்சள் பூசினாற்போல் இருந்தன.

"வயித்துக்குள்ள ஒன்னு உக்காந்து திங்குதுங்கய்யா," என்றான். "நான் சாப்புடுறதையெல்லாம் அதுதான் சாப்புடுது. பத்தலைன்னா முதுகுப் பக்கமாக் கடிக்குது."

சண்முகரத்தினம் நர்ஸ் மார்க்கிரட்டைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியே? உள்ளுக்கை ஒராள் குடியிருக்கிறாராம். கள்ளுக் குடிச்சு ஈரல் அழுகிப்போச்சு, அவ்வளவுதான். பேதிக்குக் குடு."

"நான் கள்ளு தொடுறதில்லீங்கய்யா."

"உவங்கள் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவங்கள்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். வயிற்றில் ஒரு விரல்கூட வைத்துப் பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் பக்கிரிசாமி செத்துப்போனான். கடைசியில் தோலும் எலும்பும்தான் மிச்சம்.

அறுத்துப் பார்த்தபோது இரைப்பைக்குப் பின்னால், கணையத்தின் தலைப்பகுதியில், சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகிய கட்டி ஒன்று இருந்தது. இரண்டு அங்குலம். பத்தொன்பது நாளும் அது அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்திருக்கிறது. வேறொருவராக இருந்தால் தலை குனிந்திருப்பார். சண்முகரத்தினம் சீட்டியடித்தார். ஏழாவது ஜாடி நிரம்பிவிட்டதே!

பிண அறை வாசலில் பக்கிரிசாமியின் மனைவி பவுனம்மாள் காத்திருந்தாள். அழுகை ஓய்ந்த முகம்.

"ஐயா, வயித்துல இருந்ததையும் உள்ளேயே வெச்சித் தெச்சிட்டீங்களா? அதுவும் சேந்து எரிஞ்சிரணும்யா."

"எல்லாம் உள்ளுக்கைதான் இருக்கு. போ," என்றார். இந்தச் சனங்களுக்கு உடம்பு முழுசாகப் போனால்தான் சொர்க்கத்தில் இடம்போலும் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. கட்டி அப்போது அவருடைய மேசைமேல் ஃபார்மலினில் மிதந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் ஆனந்தமாகப் போயிற்று. எட்டாம் நாள் கட்டியை எடுத்து மறுபடி அளந்தார். இரண்டரை அங்குலம் காட்டியது.

"விஜயன்! போன முறை அளவுகோலை எப்பிடிப் பிடிச்சனீ?"

விஜயன் இருபது வருடமாக அங்கே ஜாடி கழுவுகிறவன். "நான் எங்க டாக்டர் பிடிச்சேன்? நீங்கதானே அளந்தீங்க, நான் எழுதினேன்."

"வாய் காட்டாதை."

கட்டியிலிருந்து மெல்லிய தோல்போல் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி வைத்திருந்ததை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். கட்டியின் ஓரம் எது என்று முந்தின நாள்தான் மையால் கோடு போட்டிருந்தார். செத்து, ஊறி, மெழுகில் இறுகிப்போன சதை அது.

ஓரம் கோட்டைத் தாண்டியிருந்தது.

கோடு பிழை என்று முடிவுகட்டி வேறு கோடு போட்டார். மறுநாள் அதையும் தாண்டியது. அவர் பேனாவை மாற்றினார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் ஜாடியில் இருந்த இரைப்பைத் துண்டைக் காணவில்லை. மூடியில் வைத்த மெழுகு முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே கஞ்சித் தண்ணீர்போல் வெள்ளையாக ஏதோ கலங்கிக் கிடந்தது. புதன்கிழமை இரண்டாவது ஜாடியும் மூன்றாவது ஜாடியும் அதே கதியில் கிடந்தன. சனிக்கிழமைக்குள் ஐந்து போய்விட்டன. மூன்று வருட உழைப்பு ஐந்து ஜாடிக் கஞ்சியாகிவிட்டது.

"மருந்துக்குத் தண்ணி ஊத்தினனீ, என்ன?" என்று விஜயன்மேல் பாய்ந்தார்.

"சத்தியமா இல்ல டாக்டர். நான் ஒன்னு சொல்லட்டுமா? ஏழாவது ஜாடியப் பாருங்க. அது ஊதியிருக்கு. அத மொதல்ல வெளிய எடுத்துருங்க."

"விசர்க் கதை கதைக்காதை. நாளையிலயிருந்து நீ வரத் தேவையில்லை."

விஜயன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

இனி ஜாடிகளைக் கண்ணால் பார்த்தே தீர்வது என்று சண்முகரத்தினம் தானே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிற்பகல் மூன்று மணி. கோலாலம்பூர் மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிற்று. தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவதுபோல் சத்தம். பட்டப்பகலிலேயே அறை இருண்டுபோனது. ஃபார்மலின் நெடிக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்ல மேலே வந்தது. சோறு தின்ற வாயின் வாடை.

மழை சட்டென்று நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஈரமான, அவசரமில்லாத சத்தம். பல் இல்லாத வாய் எதையோ சப்பிச் சப்பித் தின்பதுபோல.

எலியாக இருக்கும் என்று நினைத்தார். எலி எங்கே என்று பார்க்கத் திரும்பினார்.

ஆறாவது ஜாடியில் கடைசியாக மிஞ்சியிருந்த குடல் துண்டு அவர் கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தது. ஓரம் கரைந்தது. நடுவில் ஓட்டை விழுந்தது. நூலாயிற்று.

பிறகு நூலும் இல்லை.

கணையத்தின் வேலையே இதுதான். அதன் நீர் பட்டால் எந்த இறைச்சியும் கரையும். அது அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு கண்ணாடிச் சுவர்களைத் தாண்டியா? செத்த பிறகா?

ஏழாவது ஜாடிக்குள் சாம்பல் நிறச் சதை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக ஒட்டியிருந்தது.

அவர் நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினார்.

அதுவும் நகர்ந்தது.

கால்மணி நேரத்துக்குள் சண்முகரத்தினம் ஜாடியைச் செய்தித்தாளில் சுற்றி, ரிக்‌ஷாவில் ஏறி, செந்தூலுக்குப் போய்க்கொண்டிருந்தார். செத்தவன் தன் சதையைக் கேட்கிறான், கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று அவர் மனம் கணக்குப் போட்டது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற மனிதர், வழியில் இரண்டு முறை திருநீறு இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரயில்வேக் கூலிகளின் வரிசைவீட்டில் பவுனம்மாள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவர் காகிதத்தைப் பிரித்தார்.

"உன்ர மனுசன்ரை இது... நான் எடுத்து வச்சது பிழைதான். மற்ற ஜாடியளில இருந்த சதையெல்லாத்தையும் இது திண்டுபோட்டுது. கொண்டுபோய் எரிச்சுவிடு."

அவள் ஜாடியைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள். பிறகு அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையைச் சண்முகரத்தினம் இதுவரை பிறர்மேல்தான் வீசியிருக்கிறார், வாங்கியதில்லை.

"இதுவா எம் புருசன்? எம் புருசன் சாம்பலாயி மூணு வாரமாச்சு. இது அவரத் தின்னது."

அவர் காகிதத்தை மறுபடி ஜாடியில் சுற்றப் பார்த்தார்.

"அன்னைக்கு எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க? ஒடம்பு முழுசாப் போகணும்னா? இது எரியணும்னு கேட்டேன். உள்ளுக்குள்ள ஒன்னு திங்குதுன்னு அவரு சொன்னப்ப நர்ஸம்மாவப் பாத்துச் சிரிச்சீங்களாமே. இவ்ளோ படிச்சிட்டு, அதுக்குக் கண்ணாடியில வீடு கட்டி, பக்கத்துலேயே சோறும் அடுக்கி வெச்சிருக்கீங்க!"

"பவுனம்மா, தயவு செய்து..."

"எங்கிட்ட எதுக்குக் கொண்டாறீங்க? வளத்தவங்க வெச்சுக்குங்க." அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "சீக்கிரம் போங்க. வாசல்ல புள்ளைங்க வெளையாடுதுங்க."

கதவு மூடியது. கையில் ஜாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிச் சூளையில் அதைப் போட்டார். கண்ணாடிச் சில்லுகளையும் உடைத்து உள்ளே எறிந்தார். எண்ணெயில் இறைச்சி பொரியும் மணம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, வெண்சாம்பல் ஆகும்வரை நகராமல் நின்றார். சாம்பலைத் தாமே அள்ளி, கிள்ளான் ஆற்றில் கரைத்தார். கட்டுரை சிங்கப்பூருக்குப் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவி பூரணம் ஏன் என்று கேட்டதற்கு, கூலிக்காரப் பயல்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது என்று எரிந்து விழுந்தார். மனம் தேறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நாலு மாதம் கழித்து ஸ்காட்லாந்திலிருந்து கடிதம் வந்தது.

அந்த முதல் வாரப் பெருமையில் சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்றை அங்கே ஒரு பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். எரிக்கும்போது அது நினைவுக்கு வராமலில்லை. நகமளவுதானே என்று விட்டுவிட்டார்.

பேராசிரியர் சுருக்கமாகவே எழுதியிருந்தார். அளவைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத ஆசிய டாக்டர்கள் ஆராய்ச்சியில் இறங்குவது வருந்தத்தக்கது. வந்து சேர்ந்தது நகமளவு அல்ல. இதற்குள் மூன்று முறை ஜாடி மாற்றியாகிவிட்டது. அத்துடன் உங்கள் மட்டமான மருந்தால் எங்கள் அலமாரியிலிருந்த நாற்பது மாதிரிகள் கெட்டுப்போயின. ஆகவே பொருளைத் திருப்பி அனுப்பியுள்ளோம்.

கடிதத்தை அவர் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் லோரி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"டாக்டர், போர்ட் சுவெட்டன்ஹாம் கப்பல்லேர்ந்து ஒங்க பேருக்குப் பெட்டி வந்திருக்கு. எறக்க நாலு ஆளு வேணும் லா." அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னொன்னு டாக்டர். பெட்டி பக்கத்துல பாசார் கடைக்கு ரெண்டு மூட்டை கருவாடு ஏத்தியிருந்தேன். ரெண்டும் வெறுஞ்சாக்காக் கெடக்கு. கட்டுன கட்டு அவிழவே இல்ல."