பெட்டிக்குப் பின்னால்

பெட்டிக்குப் பின்னால் போன புகை வெளியே வரவில்லை.

தங்கை கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள். மதிய வெயிலில் கூரைத் தகடு படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. எதிரே, கட்டடங்களைக் காற்று எப்படித் தாக்கும் என்று சோதிக்கிற, ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவு பெரிய காற்றுச் சுரங்கத்துக்குள், இனிமேல் கட்டப்போகும் பலமாடிக் கட்டடத்தின் மாதிரியாக மரப்பெட்டி ஒன்று நின்றது. விசிறி தள்ளும் காற்று அதன் கூர்விளிம்பில் மோதி, பிய்ந்து, இரு பக்கமும் பிரியும். பின்னால் சுழன்று, ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று மாறி மாறிக் கழன்று ஓடிவிடும். பத்து வருஷமாக அண்ணனும் தங்கையும் பார்த்துச் சலித்த காட்சி. இன்று மட்டும் சுழல் கழலவே இல்லை. எண்ணெய் வாடை அடிக்கும் வெள்ளைப் புகை அங்கேயே தடித்துக்கொண்டு போனது. அதற்குள் அண்ணன் குந்தியிருந்தான்.

விசிறி ஓடும்போது உள்ளே ஆள் போகக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தது. எழுதி ஒட்டியவனே அவன்தான். குறைந்த வேகத்தில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து புகை கக்கும் குச்சியைப் பிடித்தால் காற்றின் ஓட்டம் படத்தில் தெளிவாக விழும், அங்கே காற்று செத்துக் கிடக்கும் என்பது அவன் நம்பிக்கை. அவளும் அவனை உள்ளே வைத்தே எத்தனையோ தடவை விசிறிப் பட்டனை அழுத்தியிருக்கிறாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

"அண்ணா, போதும், வெளிய வா," என்று மைக்கில் சொன்னாள்.

"இரு பாப்பா. அவசரத்துல அண்டாவுலயும் கை போகாது." ஸ்பீக்கரில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. "காதுக்குள்ள என்னமோ இடிக்குது. வேகத்தக் கூட்டினியா?"

"இல்லையே. மூணுலதான் இருக்கு."

"சும்மா விளையாடாத."

டயலைப் பார்த்தாள். மூன்று. சிவப்பு பட்டனை ஓங்கிக் குத்தினாள். விசிறியின் முனகல் இறங்கி, இறங்கி, அடங்கியது. காற்றின் போக்கைக் காட்ட சுரங்கத்தின் முன்பக்கம் கட்டியிருந்த நூல்கள் அத்தனையும் தொங்கிப்போயின. பெட்டிக்குப் பின்னால் மட்டும் புகை முன்னைவிட வேகமாகச் சுழன்றது.

தட்.

இடப்பக்கச் சுவர். அவன் தோள் மோதிய சத்தம். பிறகு வலப்பக்கம். தட். புகைக்குள்ளிருந்து ஒரு செருப்பு தெறித்துக் கண்ணாடியில் அடித்தது.

"பாப்பா! நிறுத்து! நிறுத்துடி!"

"நிறுத்திட்டேன் அண்ணா! ஐயோ, அப்பவே நிறுத்திட்டேன்!"

மெயின் சுவிட்சையும் கீழே இழுத்தாள். விளக்குகள் போயின. ஸ்பீக்கரும் போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். இடம். வலம். இடம். ஒவ்வொரு அடிக்கும் சுவரில் சிவப்பு அகலமாகிக்கொண்டே போனது. எலும்பு முறிவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அலறல் அறுந்து அறுந்து வந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். உள்ளே காற்றே இல்லை. அவள் நெற்றி முடி ஒன்றுகூட அசையவில்லை. இவனை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பெட்டியின் முன்பக்கத்தில் உடம்பை ஒட்டிக்கொண்டு விளிம்புவரை நகர்ந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அண்ணன் கை. ரத்தத்தில் வழுக்கியது. பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

"விடாத பாப்பா."

"விடமாட்டேன். சத்தியமா விடமாட்டேன்."

பெட்டியில் காலை உதைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

வந்துவிட்டது. மல்லாக்க விழுந்தாள். கை அவள் கைக்குள்தான் இருந்தது. விரல்கள் அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன. முழங்கைக்கு மேல் எதுவும் இல்லை.

பெட்டிக்கு அப்பால், இடம். வலம். தட். தட். ஒவ்வொரு அடிக்கும் நடுவே அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"பிடிச்சிருக்கியா பாப்பா?"