இஞ்சாரும்

சோதிலிங்கம் காரை நிறுத்தியபோது மாலை வெயில் பாறைகளில் காய்ந்துகொண்டிருந்தது. நோர்வேயிலும் மழை எட்டிப் பார்க்காத இடங்கள் உண்டு. ஒஸ்லோவுக்கு வடக்கே வெகுதூரத்தில், ஆறு எப்போதோ கைவிட்டுப் போன வறண்ட பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில், விடுமுறைக்குத் தங்கும் ஒரு மரக்கபின். கல்யாண நாளுக்கு மகள் யாழ் பதிவு செய்து கொடுத்தது. ரெண்டுபேரும் போய் ஆறுதலாகக் கதைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

கதைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அவர் லோறென்ஸ்கூக்கில் பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறார். மனைவி உதயகுமாரிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஒருவர் எழும்ப மற்றவர் படுப்பார். சண்டையும் கிடையாது, சண்டை பிடிக்கவும் நேரம் வேண்டுமே. "இஞ்சாருங்கோ" என்று அவள் கூப்பிடுவாள். அவர் "ம்" என்பார். கல்யாணம் கட்டிய புதிதில் அவரும் அவளை "இஞ்சாரும்" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்தான். அது எப்போது நின்றதென்று அவளுக்கு நினைவில்லை. நின்றது மட்டும் வலித்தது.

சாப்பாட்டுக்கு முன் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். காற்றில்லை. ஒரு பறவைகூட இல்லை. சூடேறிய கல்லின் மணம் மூக்கில் ஏறியது. அவர் வழக்கம்போல, பஸ் பிந்திவிடும் என்பதுபோல முன்னால் நடந்தார். ஒரு வளைவில் அவர் முதுகும் மறைந்தது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள்.

பாறைகள் அதை வாங்கிக்கொண்டன. சற்றுப் பொறுத்துத் திருப்பித் தந்தன.

"இஞ்சாரும்."

உதயகுமாரி நின்றுவிட்டாள். எதிரொலி என்றால் சொன்னதைத்தானே சொல்லும்? மனைவி கணவனை அழைத்த சொல் போய், கணவன் மனைவியை அழைக்கும் சொல்லாக வந்திருந்தது. குரல் அவருடையதுதான். ஆனால் கல்யாணம் கட்டிய காலத்துக் குரல்.

அதுவும் பின்னாலிருந்து.

பயந்திருக்க வேண்டும். ஏக்கம் முந்திக்கொண்டது. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"ஓம், வாறன்."

பின்னால் கற்கள் சரிந்தன. நெடுநாள் குந்தியிருந்த யாரோ எழும்புவதுபோல.

விழுந்தடித்து ஓடினாள். வளைவுக்கு அப்பால் அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டீர்களா என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"நான் ஏன் கூப்பிடுறன்?" என்றார்.

கபினில் சாப்பிடும்போது வெளியே சரளைக்கல் மிதிபட்டது. கதவுவரை வந்து நின்றது. மான் ஆக்கும் என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். மறுநாளே வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, இரவு வேலை முடிந்து வந்து உறங்கியவள் பின்னேரம் கண்விழித்தாள். சமையலறையில் கோப்பைச் சத்தம். தேயிலை மணம்.

"இஞ்சாரும், தேத்தண்ணி ஆறப்போகுது."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் இந்த மனிதருக்கு மனம் இளகியிருக்கிறது. எழுந்து கொண்டை முடிந்தாள். கைபேசி அடித்தது. சோதிலிங்கம்.

ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில் நிற்பதாகவும், வீட்டில் வெங்காயம் இருக்கிறதா என்றும் கேட்டார். சமையலறையிலிருந்து மறுபடி "இஞ்சாரும்" என்று கேட்டது. அவர் குரல் தாழ்ந்தது.

"ஆர் அங்கை உம்மைக் கூப்பிடுறது?"

அவள் தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து சமையலறைவரை சாம்பல் நிறக் கற்பொடி.

"வெளியில வாரும். இஞ்சாரும், கேக்குதே?"

இத்தனை வருடம் கழித்து அவர் அப்படிக் கூப்பிட்டார். அதே கணத்தில் சமையலறையும் கூப்பிட்டது. அந்தக் குரலில் அவசரமே இல்லை.

"ஓம், வாறன்," என்றாள். யாருக்கென்று அவருக்கு விளங்கவில்லை.

அவர் வந்தபோது கதவு திறந்திருந்தது. மேசையில் இரண்டு கோப்பைகள், இரண்டும் காலி, இரண்டும் இளஞ்சூடு. அறை அறையாகத் தேடினார். கூடத்தின் நடுவில் நின்று கத்தினார்.

"இஞ்சாரும்!"

சின்ன வீடு. எதிரொலிக்க அங்கே இடமே இல்லை.

சற்றுப் பொறுத்து, அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இஞ்சாருங்கோ."