பன்னிரண்டு பேருக்கு ஒருத்தி

மணிக்கட்டில் பகிர்பட்டை கதகதத்தபோது மணி ஐந்தரை. அதற்குள் பூங்கோதை பல் தேய்த்து, காலணி நாடாவைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மொட்டை மாடி உடற்பயிற்சி வகுப்பில் அரையாண்டு அறிக்கை வாசிக்கப்போகிறார்கள்.

பகிர்பட்டை வந்ததும் வந்தது, 'நாளையிலிருந்து போறேன்' என்ற பேச்சே திருச்சியில் ஒழிந்துபோனது. பன்னிரண்டு பேர் ஒரு குழு. அத்தனை பேர் உடம்பிலும் ஊறுகிற முனைப்பைப் பட்டை அளந்து, ஒன்றாகச் சேர்த்து, ஆளுக்குச் சமமாக நரம்பில் ஏற்றிவிடும். ஒருவர் சோம்பினாலும் மற்றவர்களின் முனைப்பு அவரைக் கட்டிலிலிருந்து கிளப்பிவிடும். ஆனால் எத்தனை நாள் ஓசியில் ஓட்டுவது? ஆறு மாதமாக எதுவுமே தராதவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அது தான்தான் என்பதில் பூங்கோதைக்குச் சந்தேகமே இல்லை. உடற்பயிற்சி என்றாலே அவளுக்கு வேப்பங்காய். சர்க்கரை போன வருடம் இடது காலில் ஒரு விரலைக் கொண்டுபோய்விட்டது. அடுத்தது பாதம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்படியும் தனியாக நாலு முறை நடக்க ஆரம்பித்து, நாலு முறையும் ஒரு வாரம் தாண்டவில்லை. இந்தக் குழுவில் மட்டும்தான் ஆறு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறாள். குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்தே, தினமும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் நின்றாள்.

பயிற்சியாளர் எட்வின் அறிக்கையை வாசித்தான். "நம்ம குழுவோட முனைப்புல நூத்துக்குத் தொண்ணூறு ஒரே ஆள்கிட்ட இருந்து வருது. பூங்கோதை அக்கா!"

"அட அல்லாவே! அப்போ நாங்கெல்லாம் ஓசியா?" என்றாள் நாலாவது மாடி ரஹ்மத்.

பூங்கோதைக்கு அழுகை முட்டியது. "ஆசையெல்லாம் இல்ல தம்பி. எப்போ வெளிய தள்ளுவீங்களோங்கிற பயந்தான்."

"பட்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா. நெஞ்சு அடிக்கிறதை வச்சுத்தான் அது அளக்குது. இனிமே உங்களை யாரு தள்ளுவா? நிம்மதியா இருங்க."

நிம்மதியாக இருந்தாள். மறுநாள் ஐந்தரைக்குப் பட்டை கதகதத்தது. பூங்கோதை புரண்டு படுத்தாள். மற்றப் பதினோரு பேரும் புரண்டு படுத்தார்கள். பத்து நாளாக எட்வின் காலி மாடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பூங்கோதையின் சர்க்கரை ஏறியது, பாதம் மரத்தது. பாதம் போய்விடும் என்ற பயம் ஒருநாளும் அவளை எழுப்பியதில்லை. நாலு பேர் முன்னால் அவமானப்படுவோம் என்ற பயம்தான் எழுப்பியிருக்கிறது. அது இப்போது இல்லையே!

பதினோராம் நாள் சாயங்காலம் குழு முழுக்க அவள் வாசலில் வந்து நின்றது.

"எனக்கு பிரஷர் ஏறிடுச்சு பூங்கோதை," என்றாள் ரஹ்மத். "அதான் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டோம். உன்னை வச்சுக்கலாமா வேண்டாமான்னு தினமும் காலைல ரகசிய ஓட்டு. பாதிக்கு மேல வேண்டாம்னா நீ வெளிய."

"சும்மா பயமுறுத்தத்தானே சொல்றீங்க?"

"சும்மான்னு தெரிஞ்சா நீ பயப்பட மாட்டியே. நிஜமாத்தான். உனக்கும் ஒரு ஓட்டு உண்டு."

பூங்கோதையைப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. அந்த நொடியே பதினோரு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். ரஹ்மத்தின் கால்கள் நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கின.

மறுநாள் காலை பூங்கோதை தனக்கு எதிராகவே 'வேண்டாம்' என்று போட்டாள். வேறு யார் போடப்போகிறார்கள், ஒன்றாவது இருந்தால்தானே கொஞ்சம் பயம் இருக்கும் என்று நினைத்தாள்.

எட்வின் எண்ணி முடித்தான். "வேண்டாம், ஆறு. ஏழு வந்தாத்தான் வெளிய. அக்கா இன்னைக்கு இருக்கலாம்."

பூங்கோதை யார் முகத்தையும் பார்க்காமல் ஓட ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் உற்சாகமாக ஓடினார்கள்.