எடுக்காத பட்டு

என் பேருக்கு ஒரு மதிப்பு இருக்குதாமே… அது எப்ப வந்துச்சு, எனக்கே தெரியாம?

அடுப்பில் பால் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தபடியே பூவாத்தாள் இதை நினைத்துக்கொண்டிருந்தாள். நேற்று பேங்கிலிருந்து போனில் பேசிய பெண் அப்படித்தான் சொன்னாள். "பூவாத்தாள் மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் நெம்ப நல்லா ஏறியிருக்குதுங்க. எந்தக் கிரெடிட் கார்டு கேட்டாலும் குடுப்பாங்க."

பூவாத்தாள் மேடம். அந்த இரண்டு சொற்களும் ராத்திரி முழுக்கக் காதுக்குள் மிதந்தன. வீட்டில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணவன் தனபாலுக்கு அவள் 'ஏ புள்ள'. கீழ்த்தளத்தில் ஓடும் அவர்களுடைய பனியன் கம்பெனி அவள் பேரில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அங்கே தைக்கிறவர்களுக்கு அவள் வெறும் ஓனரம்மா. பேர் பெண்டாட்டிக்கு, சாவி புருஷனுக்கு என்று நடக்கும் கம்பெனிகள் அவர்கள் ஊரான அனுப்பர்பாளையத்தில் இன்னும் எத்தனையோ. மாமியார் ரங்காத்தாளுக்கோ அவள் சில வருஷங்களாகப் 'பட்டுக்காரி'.

கீழே மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் தரையின் அதிர்வு பாதம் வழியாக ஏறியது. ஜன்னல் வெயிலில் பனியன் பஞ்சு இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

"பாலு போகுது பாரு. கண்ணத் தொறந்துட்டே தூங்கறியா?" சமையலறை வாசலில் ரங்காத்தாள் நின்றிருந்தாள்.

பூவாத்தாள் அடுப்பை அணைத்தாள். கொஞ்சம் பால் வழிந்துவிட்டது.

"பேங்குப் புள்ள வர்றாங்கவும் பட்டுக்காரிக்குக் காலு தரையில நிக்கல. எந்தக் கடையில என்ன கலரு எடுக்கறதுன்னு இப்பவே ரோசனையாக்கு."

"இல்லீங்கத்தை. காப்பி கலந்தர்றேன், உக்காருங்க."

அந்தப் பேர் வந்த கதையை பூவாத்தாள் நினைத்துப் பார்ப்பதில்லை. அதுவாக வந்து நினைவில் உட்கார்ந்துகொள்ளும். முன்பும் அவள் பேரில் ஒரு கார்டு இருந்தது. ஏற்றுமதிக்காரர்கள் பில் பணத்தை மாதக்கணக்கில் இழுப்பார்கள். ஆனால் தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் தனபால் அந்தக் கார்டைத் தெரிந்த புடவைக் கடையில் கொண்டுபோய்த் தேய்ப்பான். கடைக்காரர் பட்டு விற்றதாகக் காட்டி, தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பார். அந்த ரொக்கம்தான் சனிக்கிழமைச் சம்பளம். தேய்க்கத் தேய்க்க வட்டி ஏறியது. ஒருநாள் வசூலுக்கு வந்தவன் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "எல்லாம் புடவைக் கடையிலயே தேச்சிருக்கீங்களே மேடம்" என்றான்.

ரங்காத்தாள் மகனைப் பார்த்தாள். தனபால் தரையைப் பார்த்தான். தைக்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். கம்பெனியில் காசில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தால் மறுநாள் ஒரு மெஷின் ஓடாது. பூவாத்தாளுக்கு அது புரிந்தது.

"ஆமாங்க. நாந்தான் பட்டு எடுத்தேன்" என்றாள்.

தாலிக்கொடியை விற்றுத்தான் அந்தக் கார்டை அடைத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. அதன்பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பழைய சேலையில் வந்து நிற்கும் அவளை உறவுக்காரிகள் மேலும் கீழும் பார்த்தார்கள். "ஏனக்கா, பட்டெல்லாம் பொட்டியில பூட்டி வெச்சிருக்கறயாக்கு?" பூவாத்தாளும் சிரிப்பாள். சில நாள் படுக்கையில் அந்தப் பட்டுகள் ஒவ்வொன்றாக அவள்முன் விரியும். மாம்பழ நிறம், கருநீலம், அரக்கு… எடுக்காத பட்டுகளின் கரைகூட அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

பேங்குப் பெண் கவிப்பிரியா கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப்புடன் வந்தாள். மகள் ஜனனியின் வயதுதான் இருக்கும். கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஜனனி காலையிலேயே போன் போட்டிருந்தாள். ஏர்போர்ட்டில் காசு கொடுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிற கார்டாகப் பார்த்து எடுக்கச் சொன்னாள். யார் ஏர்போர்ட்டுக்குப் போவது என்று கேட்க பூவாத்தாளுக்குத் தோன்றவில்லை.

"கார்டுல நல்லது கெட்டதுன்னு பொதுவாச் சொல்ல முடியாதுங்க மேடம்" என்று ஆரம்பித்தாள் கவிப்பிரியா. "வண்டி நெறைய ஓட்டறவங்களுக்குப் பெட்ரோல் கார்டு. ஊருக்குப் போறவங்களுக்கு வேற. கடையில வாங்கறவங்களுக்குக் கேஷ்பேக் கார்டு. நீங்க ஊருக்கெல்லாம் போவீங்களா?"

ஊருக்கு. பூவாத்தாள் கண்ணுக்குள் ஒரு ரயில் ஊத்துக்குளியைத் தாண்டிப் போனது. ஜன்னலோர இருக்கை. மடியில் பை இல்லை, சாப்பாட்டுத் தூக்குப்போசி இல்லை, எழுப்ப ஆளில்லை. எங்கே இறங்க வேண்டும் என்றுகூட அந்த ரயிலில் யாரும் கேட்கவில்லை…

"அவ எங்க போறா. அவளுக்குப் பட்டுத்தான்" என்றாள் ரங்காத்தாள். "பட்டுக்குத் தனியாக் கார்டு இருந்தாக் குடு சாமி. ஊட்டையே வித்துக் கட்டுவா."

கவிப்பிரியா சிரித்தாள். "அப்ப மேடத்துக்கு ஷாப்பிங் கார்டுதானுங்க சரி. ஜவுளிக் கடையில வாங்கினா காசு திரும்ப வரும். லிமிட்டு கொஞ்சம் கம்மி."

"லிமிட்டு கம்மின்னா ஆகாதுங்க அம்மிணி" என்று தனபால் குறுக்கே வந்தான். "எனக்கு இன்னிக்கிச் சம்பளம் போடோணும். பெரிய லிமிட்டாப் பாருங்க. இன்னிக்கே போன்ல கார்டு நம்பர் வந்துருமுன்னு சொன்னீங்களே."

"சம்பளத்துக்கா? டெய்லருங்ககிட்டக் கார்டு மெஷின் இருக்காதுங்களே சார். ஏ.டி.எம்.ல எடுத்தீங்கன்னா அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுரும்."

"ஏ.டி.எம். எதுக்குங்க? நம்ம புடவைக் கடைக்காரர் இருக்கறாரு. அவருகிட்டத் தேச்சாக் காசாக் குடுத்துருவாரு. முன்னயும் அப்படித்தானுங்க சம்பளம் போட்டது…"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. கவிப்பிரியா தயங்கி, "அப்படித் தேய்க்கக் கூடாதுங்க சார்" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ரங்காத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தனபாலு. அப்ப அந்தப் பட்டெல்லாம் எங்கடா?"

"அம்மா, அது இப்ப எதுக்கு…"

"நானு கேக்கறன்."

"பட்டே எடுக்கலம்மா. ஒண்ணுகூட. எல்லாம் சம்பளம்."

இந்த நேரத்தை பூவாத்தாள் எத்தனையோ முறை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அங்கே அவள் நிறையப் பேசுவாள், மழை பெய்யும், அத்தை காலில் விழப் போவாள், இவள் தூக்கி நிறுத்துவாள். நிஜத்தில் அது ஒரு டம்ளர் வைக்கிற ஓசையோடு முடிந்துவிட்டது. தனக்கு அழுகை வருகிறதா என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். தூரத்தில் எங்கோ இருந்தது.

ரங்காத்தாளின் உதடு கோணியது. "எங்கண்ணன் ஊட்டுக் கல்யாணத்துல பந்தியில வெச்சுச் சொன்னனே புள்ள… தாலிக்கொடிய வித்துப் பட்டுக் கட்டுனவன்னு. எலையில கை வெச்சபடியே உக்காந்திருந்தயே. ஒரு வார்த்த வாயத் தொறக்கக் கூடாதா?"

"தொறந்திருந்தா நம்பியிருப்பீங்களாங்கத்தை?"

கிழவி இல்லையென்று தலையாட்டினாள். "நம்பியிருக்க மாட்டன்" என்றாள். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, மருமகள் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வெப்பமான மூச்சு தோளில் பட்டதும், தூரத்திலிருந்த அழுகை வந்து சேர்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றார்கள். கவிப்பிரியா டேப்பின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனபால் மூக்கை உறிஞ்சினான். "எம் மேலதான் தப்பு புள்ள. நான் கோழ. ஆனா இன்னிக்கிச் சனிக்கெழம… இந்த ஒருக்கா மட்டும். பில்லு வந்ததும் கட்டிப்போடறேன்."

ரங்காத்தாள் முந்தானையால் முகம் துடைத்தாள். அவள் கை இன்னும் அந்தக் கயிற்றை விடவில்லை. "நீ மகராசி சாமி. எல்லாத்தையும் பொறுத்தவ. இன்னொருக்கா அவன் மானத்தக் காப்பாத்திப் போடு."

பூவாத்தாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. நிஜமாகவே அழுத கண்கள்தாம். அவள் நல்லவள் என்று தெரிந்தவுடனே, அதையே வைத்து அவளிடம் இன்னொரு முறை கேட்கவும் அவர்களுக்கு வாய் வந்தது. அதை நினைத்தபோது கோபம்கூட வரவில்லை. ஏதோ ஒரு வெளிச்சம் மெதுவாக உள்ளே இறங்கியது போலிருந்தது.

தனபால் கண்காட்ட, கவிப்பிரியா டேப்பில் பெரிய லிமிட் கார்டுக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். பூவாத்தாளின் போன் அதிர்ந்தது. "ஓ.டி.பி. வந்திருக்குமுங்க மேடம்" என்றாள் கவிப்பிரியா. "சொன்னீங்கன்னா கார்டு வேல முடிஞ்சுது."

பூவாத்தாள் எண்ணை மனசுக்குள் படித்தாள். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

"என்ன புள்ள இல்ல?" என்றான் தனபால்.

"சொல்லலீங்க. மறுக்கா எம் பேரு கெட்டா, விக்கறதுக்குக் கழுத்துல கயிறுதானுங்க இருக்குது."

"சாயங்காலம் தைக்கறவங்க மொகத்துல எப்படி முழிக்கறது?"

"பில்லு வரலைன்னு உள்ளதச் சொல்லுங்க. நீங்க சொல்லலீன்னா நான் எறங்கிப் போயிச் சொல்றேன். போறவங்க போகட்டுமுங்க."

"ஏ புள்ள, அந்த நம்பரு கொஞ்ச நேரந்தான் செல்லும்…"

"தெரியுமுங்க" என்றாள் பூவாத்தாள். அழுதுகொண்டிருந்த மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கையைத் தன் கையில் பொத்திக்கொண்டு, மடியில் கவிழ்ந்து கிடந்த எண் செல்லாமல் போகும்வரை காத்திருந்தாள்.