இரண்டு கிணற்று நத்தை

பேய்க்கதை எண்டு ஆரும் தொடங்கினாலே எனக்கு விசர் வரும். நான் குருநகராள், கடலுக்குப் போற வீட்டிலை பிறந்தவள். கடலிலை செத்தவையை நினைச்சுக்கொண்டிருந்தா எங்கடை ஆக்கள் ஒருநாளும் வலை போட ஏலாது. அதாலை நான் இப்ப சொல்லப்போறதை நம்பினா நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ. எனக்கு அதிலை ஒரு கோவமும் இல்லை.

என்ரை பேர் பெர்னடெட். நத்தை பாக்கிறதுதான் தொழில். கண் இல்லாத, நிறம் இல்லாத, அரிசிக் குறுணலிலும் சின்ன நத்தையள். யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழை சுண்ணாம்புக்கல்லு, கல்லு முழுக்கப் பொந்து, பொந்து முழுக்க நல்ல தண்ணி. அந்த இருட்டுக்கை பிறந்து உதுகள் அங்கையே சாகுதுகள். என்னோடை வேலை செய்யிற சோமசேகரம் சேருக்கு வல்வெட்டித்துறையிலை ஒரு வீட்டுக் கிணத்தடி மண்ணுக்கை வெறும் ஓடுகள் கொஞ்சம் கிடைச்சிருந்தது. இதுவரை ஒருத்தரும் எழுதாத இனம். ஆனா வெறும் ஓட்டை வைச்சு எழுத அவருக்கு மனமில்லை. உயிரோடை வேணும் எண்டார்.

அப்பிடித்தான் ஐப்பசி மாசம் ஒரு காலமை அந்த வீட்டு வாசலிலை போய் இறங்கினம். உப்புக் காத்திலை சுவரெல்லாம் உதிர்ந்துபோன பழைய கல்வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது கடந்திருக்கும். நெத்தியிலை பெரிய குங்குமம், கழுத்திலை தாலிக்கொடி. நாகேஸ்வரி எண்டு பேர். பிளேன்ரீ தந்துபோட்டு, வந்த காரியத்தைக் கேட்டா.

"தண்ணி அள்ளுங்கோ, பூச்சியும் பிடியுங்கோ," எண்டா. "ஆனா அள்ளின தண்ணியைத் திருப்பி இதுக்கையே ஊத்திப்போட்டுத்தான் போகவேணும்."

"ஏன் அன்ரி?"

"இவர் உள்ளுக்கை இருக்கிறார்."

மனிசன் அறைக்கை படுத்திருக்கிறார் எண்டு சொல்லுறமாதிரித்தான் சொன்னா.

அவவின்ரை மனிசன் முத்துக்குமாரு. சண்டை நடந்த பிரச்சினை நேரம் ஒருநாள் ஆமியின்ரை சுத்திவளைப்பு. ஊர் ஆம்பிளையள் எல்லாம் ஓட, இவருக்கு ஓட நேரமில்லை. கயித்தைப் பிடிச்சுக் கிணத்துக்கை இறங்கி, தண்ணி மட்டத்திலை இருந்த பொந்துக்கை பூந்திட்டார். வந்தவங்கள் போக விடிஞ்சுபோச்சு. இரவு முழுக்க மழை, தண்ணி பொந்துக்கு மேலை ஏறீட்டுது. பிறகு ஆக்கள் இறங்கித் தேடினவை. ஒரு சாரத்துண்டு கூட வரேல்லை. செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியை அன்ரி அவருக்குச் செய்யேல்லை. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்திலை ஒரு கல்லாலை கிணத்துக்கட்டிலை தட்டுவாவாம், கீழையிருந்து அவர் திருப்பித் தட்டுவாராம். இவ்வளவு வருசமும் அதுதான் அவையின்ரை குடும்பம்.

வாயிலை வந்ததை நான் விழுங்கிப்போட்டன். பாவம், தனிச்சுப்போன மனிசி, எதையோ கேட்டுக்கொண்டு இருக்கிறா எண்டு நினைச்சன்.

கிணத்தை மூடியிருந்த தகரத்தை விலத்தினம். ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த மணம் முகத்திலை அடிச்சுது. தண்ணி கீழை எங்கையோ கிடந்தது, வெளிச்சம் அதுவரைக்கும் போகேல்லை. ஒரு போத்தலுக்கை இறால் துண்டு வைச்சு, வாயிலை மெல்லிய வலை கட்டி இறக்கினம். மத்தியானம் இழுத்தெடுக்கேக்கை போத்தலின்ரை அடி வெள்ளையாய் அசைஞ்சுது. எல்லாம் உயிருள்ள நத்தை. சேர் அதைத் தூக்கி வெயிலிலை பிடிச்சுக்கொண்டு தன்பாட்டிலை சிரிச்சார்.

அப்பத்தான் கேட்டுது.

டக். டக்.

கீழையிருந்து. கல்லிலை கல்லுப் படுற சத்தம்.

நான் கப்பியைப் பாத்தன். கப்பி ஆடேல்லை. அன்ரி ஒண்டும் நடக்காதமாதிரி ஒரு கல்லை எடுத்து, கிணத்துக்கட்டிலை ரண்டு தட்டுத் தட்டிப்போட்டு, "சாப்பிட்டிட்டுப் போங்கோவன்," எண்டா.

அள்ளின தண்ணியைத் திருப்பி ஊத்தினம். நத்தையள் நிண்ட ஒரு பிளாஸ்ரிக் கான் தண்ணியை மட்டும் எங்கடை வான் வண்டிக்கை வைச்சம். அவவுக்கு அது தெரியாது. ஒரு கான் தண்ணிதானே எண்டு எங்களுக்கும் இருந்தது.

அண்டைக்குக் கந்தசட்டி தொடங்கின நாள். சேர் இணுவில் கந்தசாமி கோயிலடி ஆள், ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவர். ஆய்வுகூடத்திலை நான் கொஞ்ச நத்தையை ஸ்பிரிட்டிலை போட, அவர் என்ரை கையைப் பிடிச்சார்.

"காணும் பெர்னடெட். மிச்சத்தைக் கொல்லாதை."

"அப்ப திருப்பி வல்வெட்டித்துறைக்குக் கொண்டுபோய் விடுவம், சேர்."

"இந்த மழைக்கையோ? நான் வீட்டுக் கிணத்துக்கை விட்டுவிடுறன். கீழாலை எல்லாம் ஒரே தண்ணிதானே."

எங்கடை தொழிலிலை உதைவிடப் பெரிய பாவம் இல்லை. ஒரு கிணத்து உயிரை இன்னொரு கிணத்துக்கை விட்டா, எது எங்கை பிறந்ததெண்டு பிறகு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. நான் கத்தினன். அவர் முருகா முருகா எண்டுகொண்டு கானைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். விரதக்காரரோடை ஆர் வாதாடுறது.

சூரன்போர் முடிஞ்ச அடுத்த நாள் நாகேஸ்வரி அன்ரி எங்கடை ஆய்வுகூட வாசலிலை நிண்டா. பஸ்ஸாலை இறங்கி மழையிலை நடந்து வந்திருக்கிறா, சீலைக்கரையாலை தண்ணி வடியுது.

"இவர் பதில் சொல்லுறாரில்லை பிள்ளை," எண்டா. "என்ன கொண்டுபோனனீங்கள்?"

நான் மழுப்பத் தொடங்கினன். சேர் கதிரையிலை இருந்தபடி ரண்டு கையாலையும் முகத்தைப் பொத்தினார்.

"எங்கடை கிணத்திலை ஒரு சத்தம் கேக்குது," எண்டார். "மோட்டர் பழுது எண்டு நினைச்சனான். மோட்டரை நிப்பாட்டியும் கேக்குது."

அன்ரி அழுதா. சந்தோசத்திலை அழுதா. அதைத்தான் என்னாலை பாக்க ஏலாமல் இருந்தது.

இணுவில் கிணத்துக்கு மேலை இரும்புக் கம்பிவலை போட்டு இறுக்கியிருந்தது. தண்ணி குழாயாலை வீட்டுக்கை போகுது, ஆரும் கிணத்தடிக்குப் போறேல்லை. சுத்திவரப் புல்லு முழங்கால் உயரம். சேரின்ரை மனிசி சுவர்ணா அக்கா எங்களுக்குக் கதவைத் திறந்துபோட்டு உள்ளுக்கையே நிண்டிட்டா. சேர் கம்பிவலையைக் கழட்ட, அன்ரி குனிஞ்சு தட்டினா.

கீழையிருந்து ரண்டு தட்டு. பாரமான, களைச்ச தட்டு.

"இவர்தான்," எண்டா. "இடம் மாறிப்போய் வழி தெரியாமல் நிக்கிறார். என்ரை மனிசனைக் கொண்டுவந்து தாங்கோ."

திரும்பவும் இறால் போத்தல். சைவக்காரரின்ரை கிணத்துக்கை இறால் இறக்கினதை வேற நாளெண்டா சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பன். அண்டைக்குச் சிரிப்பு வரேல்லை. இழுக்கேக்கை கயிறு கையிலை ஒருக்காத் துள்ளிச்சுது. ஆரோ கீழை பிடிச்சு இழுத்துப்போட்டு விட்டமாதிரி. நான் பிடியை விடாமல் இழுத்தன். போத்தல் முழுக்க நத்தை. தண்ணியோடை கானிலை ஊத்தி, மூடியை இறுக்கி, மடியிலை வைச்சுக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனன்.

போய்ச் சேர மழை விட்டிருந்தது. சேர் கானைக் கவிழ்த்தார். தண்ணி விழுந்த சத்தம் அடங்குமட்டும் நிண்டம்.

அன்ரி தட்டினா. ரண்டு தட்டு.

ஒண்டும் இல்லை.

திரும்பத் தட்டினா.

கீழை தண்ணி ஒருக்கா அசைஞ்சுது.

டக்டக்டக்டக்டக்.

கெதியா. மெல்லிசா. முந்திக் கேட்ட இடத்திலை இல்லை, இன்னும் கிட்ட.

அன்ரியின்ரை கை அப்பிடியே நிண்டுபோச்சு.

"இது இவர் இல்லை," எண்டு மெல்லச் சொன்னா. "இது சின்னக் கை."

எனக்குப் பின்னாலை சேர் ஈர மண்ணிலை குந்திட்டார்.

"நிவேதனா," எண்டார்.

அவருக்கு ஒரு பிள்ளை இருந்ததெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். ஐஞ்சு வயசிலை வீட்டுக் கிணத்துக்கை விழுந்த பிள்ளை. உடம்பை எடுத்து மண்ணுக்கை தாட்டுப்போட்டு, கிணத்தை மூடி, மோட்டர் பொருத்தி, அதுக்குப் பிறகு அந்தப் பேரை வீட்டிலை ஒருத்தரும் எடுக்கேல்லையாம். எங்களோடை எத்தினையோ வருசம் வேலை செய்த மனிசன். ஒருநாளும் சொல்லேல்லை.

முத்துக்குமாரு எங்கை எண்டு எங்களுக்குத் தெரியாது. இணுவில் கிணத்திலை அதுக்குப் பிறகு சத்தமே இல்லை. அன்ரி போய்ப் போய்த் தட்டிப் பாத்தா. போத்தல் இறக்கினாலும் வெறும் போத்தல்தான் வருது. கார்த்திகையிலை அவ கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்தா. குங்குமம் இல்லாத நெத்தியோடைதான் திரும்பி வந்தா. அந்த மனிசியிட்டை இருந்த ஒரே ஆளை ஒரு கானிலை அள்ளிக்கொண்டுபோய்த் துலைச்சுப்போட்டம்.

கட்டுரையும் அப்பிடியே கிடக்கு. புது இனத்தை எழுதேக்கை அது எந்த இடத்திலை எடுத்ததெண்டு எழுதவேணும். எழுதினா, வாசிக்கிறவை வந்து போத்தல் இறக்குவினம். ஸ்பிரிட்டிலை கிடக்கிற நத்தைக்கு நான் இன்னும் பேர் வைக்கேல்லை.

போன கிழமை சேர் சுவர்ணா அக்காவை வல்வெட்டித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தனியப் போகப் பயம், என்னையும் வரச் சொன்னார். நல்ல மத்தியான வெயில். கடல் பக்கம் ஆரோ மீன் கூவி வித்துக்கொண்டு போனான். சுவர்ணா அக்கா கிணத்துக்கட்டடியிலை முழங்காலிலை இருந்து, ஒரு கையைக் கட்டிலை ஊண்டிக்கொண்டு மற்றக் கையாலை கல்லை எடுத்துத் தட்டினா.

ஒண்டும் இல்லை.

"அம்மா வந்திருக்கிறன், குஞ்சு."

திரும்பத் தட்டினா. பிறகும் தட்டினா. விரல் கிழிஞ்சு கட்டெல்லாம் ரத்தமான பிறகும் தட்டினா.

தண்ணி அசையேல்லை.

சேர் நாகேஸ்வரி அன்ரிக்கு முன்னாலை கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, எங்கடை பிள்ளையைத் தாங்கோ. அள்ளிக்கொண்டு போறம்."

அன்ரிக்குக் கோவம் வரேல்லை. கோவப்பட்டிருந்தா எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"அங்கை உங்கடை கிணத்துக்கை பிள்ளை எத்தினை வருசம் தட்டியிருக்கும்," எண்டா. "நீங்கள் ஒருநாளும் திருப்பித் தட்டேல்லைத்தானே, தம்பி."

பிறகு அவ குனிஞ்சு, நகத்தாலை கட்டிலை மெல்ல ஒரு தட்டுத் தட்டினா.

பதில் உடனை வந்தது. கிணத்தின்ரை அடியிலை இருந்து வரேல்லை. கட்டின்ரை உள்பக்கத்திலை, சுவர்ணா அக்கா ஊண்டியிருந்த கைக்கு நேர் கீழையிருந்து வந்தது.