முதலாளி இல்லாத கம்பெனிக்கு வந்த முதலாளியின் உத்தரவு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆனந்தமேரியின் அலுவலகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். அங்கே இருந்தவை இரண்டு நாற்காலிகள். யார் உட்காருவது, யார் நிற்பது என்று அவர்கள் கலந்து பேசி முடிப்பதற்குள், அருள்முருகன் கீழே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி மூன்றாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆனந்தமேரி இருபது வருடம் நீதிமன்றத்தில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கியவர். ஒரு சொல் பிசகினால் ஒரு வீடே கைமாறிவிடும் வேலை அது. ஓய்வு பெற்றதும் மிஷன் வீதியில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துத் துப்பறிய ஆரம்பித்தார். உதவியாளன் அருள்முருகனுக்கு முப்பது வயது. எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். இதுவரை ஒருமுறைகூட அது சரியான ஆளாக இருந்ததில்லை.

"யார் பேசப் போறீங்க?" என்று கேட்டார் ஆனந்தமேரி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருத்தர அனுப்பலாம்னுதான் மேடம் மீட்டிங் போட்டோம். யாருன்னு முடிவாகல. அதான் மூணு பேரா வந்துட்டோம்," என்றாள் சிவசங்கரி. தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் பேக்கிங் அவள் பொறுப்பு. பக்கத்தில் இருந்த புருஷோத்தமன் லாரிகளைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாமவர் ஜூலியன். கம்பெனியைத் தொடங்கியவர். மூன்று வருடங்களுக்கு முன் அதை இருபத்திரண்டு தொழிலாளர் பேரிலும் சமமாக எழுதி வைத்துவிட்டு, மாடியில் சோப்புக்கு வாசனை சேர்க்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டவர்.

"எங்ககிட்ட முதலாளி கெடையாது, மேனேஜர் கெடையாது," என்றார் புருஷோத்தமன். "எல்லாரும் வட்டமா ஒக்காந்து பேசுவோம். ஒருத்தர் கையத் தூக்கி ஆட்சேபணைன்னு சொன்னாலும் அந்த விஷயம் தள்ளிப் போயிடும்."

"பசை வாங்கற விஷயம் ரெண்டு மாசமா தள்ளிப் போவுது," என்றாள் சிவசங்கரி.

"அது வேற. செவ்வாய்க்கிழமை காலையில கேட்டாண்ட இருக்கற பலகையில இது ஒட்டியிருந்தது மேடம்."

புருஷோத்தமன் நீட்டிய தாளில் இப்படி அச்சாகியிருந்தது: 'கன்னியப்பன் இன்று முதல் வேலைக்கு வரவேண்டாம். இதில் பேச்சுக்கே இடமில்லை. இப்படிக்கு, முதலாளி.'

கன்னியப்பன் சோப்புக் காய்ச்சுபவர். பதினெட்டு வருட அனுபவம். அவர் போன நாளிலிருந்து சோப்பு இறுகவில்லை. அல்வா மாதிரி வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எல்லோருடைய பார்வையும் ஜூலியன் மேல் திரும்பியிருந்தது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறார் என்று பேச்சு. அவரை வெளியே அனுப்பலாமா என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசப்போகிறார்கள்.

"நான் எழுதல மதாம்," என்றார் ஜூலியன். "முதலாளியா இருக்கப் புடிக்காமத்தான எறங்கி வந்தேன்? இப்ப நான் பாத்ரூம் போனாக்கூட எவனுக்குப் போன் பண்றான்னு பாக்கறாங்க."

அருள்முருகன் ஆனந்தமேரியின் காதருகே குனிந்தான். "இவருதான் மேடம்."

"நாலு நிமிஷம்தான் ஆவுது," என்றார் ஆனந்தமேரி. பிறகு தாளைத் திருப்பினார். பின்புறம் வெண்மையாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "சோப்பு. இதுல என்ன வாசனை வருது?"

ஜூலியன் முகர்ந்தார். "ஒண்ணும் வரல."

"சரி. கன்னியப்பன் என்ன சொன்னாரு?"

"காலையில நான் பாத்தேன்," என்றாள் சிவசங்கரி. "கேட்டாண்ட வண்டிய நிறுத்தினாரு. படிச்சாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. உள்ள காலே வெக்கல, வண்டியத் திருப்பிக்கிட்டு அரியாங்குப்பத்துக்கே போயிட்டாரு. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டா, உத்தரவுன்னா உத்தரவுதான்னு சொல்றாரு."

மத்தியானம் எல்லோரும் கம்பெனிக்குப் போனார்கள். காய்ச்சும் கொட்டகையில் சரிதா என்ற இளம்பெண் கொப்பரை முன்னால் அழாத குறையாக நின்றிருந்தாள். அவளைச் சுற்றி மூன்று பேர் மூன்று விதமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமேரி கொட்டகையைக் கடந்து கடைசி அறைக்குப் போய்க் கன்னியப்பனின் அலமாரியைத் திறந்தார். ஒரு சாமிப்படம் இருந்த தடம் மட்டும் அதன் உள்சுவரில் இருந்தது. மற்றபடி துடைத்து வைத்த மாதிரிக் காலி.

வெளியே குழாயடியில் டீ கிளாஸ்கள் குவிந்து கிடந்தன. அருள்முருகன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே ஈ மிதந்தது.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து யாரும் கழுவல," என்றாள் சிவசங்கரி வெட்கத்தோடு. "இங்க 'முதலாளி'ங்கற வார்த்தையச் சொன்னா அன்னைக்கு கிளாஸ் கழுவணும். அதான் தண்டனை. கன்னியப்பன் அண்ணனுக்கு மட்டும் பழக்கம் போவல. ஜூலியன் சாரப் பாத்தாலே 'வணக்கம் மொதலாளி'ன்னுடுவாரு. மூணு வருஷமா அவருதான் கழுவறாரு."

ஆனந்தமேரி கடைசியாகக் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு மணி நேரம் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து அருள்முருகனிடம் காட்டினார். 'கன்னியப்பன் கோரிக்கை: ஆட்சேபணை, ஒத்திவைப்பு.' ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று.

"ஃபேன் கேட்டிருப்பாரு மேடம்," என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை காலை மற்ற இருபத்தோரு பேரும் காய்ச்சும் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனந்தமேரி சொல்லியனுப்பியதால் கன்னியப்பனும் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஜூலியன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பசை இல்லாத கம்பெனியில இந்தத் தாள ஒட்டினது சோப்புக் கூழ்," என்று ஆரம்பித்தார் ஆனந்தமேரி. "அதுல வாசனை இல்ல. வாசனை மாடியில சேக்கறாங்க. அப்போ இது மாடிக்குப் போறதுக்கு முன்னாலயே கொப்பரையிலேர்ந்து எடுத்தது. ரெண்டாவது, கன்னியப்பன் கேட்டோட திரும்பிட்டாரு. ஆனா உள்ள கடைசி ரூம்ல இருக்கற அவரு அலமாரி காலி. செவ்வாய்க்கிழமை உள்ளயே வராதவரு அத எப்ப காலி பண்ணாரு?"

வட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"திங்கட்கிழமையே," என்றான் அருள்முருகன் தன்னை மறந்து. "அப்படின்னா உத்தரவு வரும்னு அவருக்கு முன்னாலயே தெரியும்!"

"மூணாவது, ஒரு வார்த்தை. ஜூலியன் எழுதியிருந்தா தன் பேரப் போட்டிருப்பாரு, இல்ல பேரே போட்டிருக்க மாட்டாரு. இந்தக் கம்பெனியில 'முதலாளி'ன்னு தயங்காம சொல்ற ஆள் ஒருத்தருதான். அவரு போனதும் கிளாஸ் கழுவ ஆளில்ல." அவர் கதவோரம் பார்த்தார். "உங்களுக்கு நீங்களே சீட்டுக் கிழிச்சுக்கிட்டீங்க, இல்லீங்களா?"

கன்னியப்பன் எழுந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. காலாப்பட்டுல காலேஜ் கேட்டுக்கு எதுக்க எம் பொண்டாட்டி அஞ்சலாட்சி மெஸ் போடுது. திங்கட்கிழமை தொறக்குது. நான் கூட இல்லன்னா அதால முடியாது. ஜனவரியிலேர்ந்து விடுங்கன்னு கேக்கறேன். மொதல்ல மொதலாளி கையத் தூக்கினாரு. அப்புறம் சங்கரி. அப்புறம் புருஷோத்தமன். நீங்க இல்லாம எப்படின்னு எல்லாரும் அழுவறாங்க. வேலையில சேர வழி இருக்குது, போறதுக்கு வழி இல்ல."

"சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு நின்னுருக்கலாமே?" என்றான் அருள்முருகன்.

"போன வருஷம் காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தேன். இருபத்தோரு பேரும் வீட்டுக்கு வந்து கட்டிலச் சுத்தி வட்டமா ஒக்காந்து மீட்டிங் போட்டாங்க சார்."

யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். கன்னியப்பன் கலங்கிய கண்ணோடு ஜூலியன் பக்கம் திரும்பினார்.

"இங்கதான் மொதலாளியே இல்லயே, யாரு மேலயும் பழி விழாதுன்னு நெனச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். மன்னிச்சுடுங்க."

ஜூலியன் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜூலியனைச் சந்தேகித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சோப்பு?" என்றார் புருஷோத்தமன் மெதுவாக. "யாரு காய்ச்சறது?"

"சரிதா காய்ச்சும்," என்றார் கன்னியப்பன். "ஆறு மாசமா அதுதான் காய்ச்சுது. நான் சும்மா பக்கத்துல நின்னேன். இப்ப ஏன் எறுகலன்னா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் கையக் கொழப்பறீங்க. கொப்பரைகிட்ட நிக்கறவங்க சொல்றதுதான் முடிவுன்னு விட்டுடுங்க. எறுகும்."

எல்லோரும் சரிதாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். "மொதல்ல எனக்கு யோசனை சொன்ன மூணு பேரும் கொட்டகைய விட்டு வெளிய போங்க," என்றாள். அவர்கள் உடனே போனார்கள். கம்பெனி வரலாற்றில் ஆட்சேபணை கேட்காமல் நடந்த முதல் காரியம் அது.

கன்னியப்பனை மாதக் கடைசியில் விடுவிப்பது என்று சிவசங்கரி முன்மொழிந்தாள். அப்போது ஜூலியனின் கை உயர்ந்தது.

"ஆட்சேபணை," என்றார்.

கன்னியப்பன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"மாசக் கடைசி எதுக்கு? திங்கட்கிழமை கடை தொறக்கறாங்க. இன்னைக்கே போவட்டும். லாரி சும்மாதான் நிக்குது, அதுலயே பாத்திரம் ஏத்திக்கட்டும்."

யாரும் கை தூக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஆனந்தமேரியும் அருள்முருகனும் காலாப்பட்டில் மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டார்கள். மாணவர் கூட்டம் வாசல்வரை நின்றது. அஞ்சலாட்சி கல்லாவில் உட்கார்ந்தபடி கடை முழுவதையும் குரலாலேயே நடத்திக்கொண்டிருந்தாள்.

"தோ, நாலாவது டேபிளுக்கு ரசம்! யாரக் கேட்டு அங்க நிக்கற?"

"யாரையும் கேக்கல, தோ வந்துட்டேன்!" என்று கன்னியப்பன் ரச வாளியோடு ஓடினார். பதினெட்டு வருடம் கொப்பரை முன்னால் வெந்த அந்த முகம் விடுமுறைக்கு வந்த ஆளின் முகம் மாதிரி இருந்தது.