ஒற்றைப் பலகைக்கு அவள் தயார்

“எனக்கு ஒத்தைப் பலகைதான் வேணும்!”

ஏரிக்கரைக் கடைக்குள் மழையோடு மழையாக வந்தவள் குடையைக்கூட மடக்கவில்லை. நீர்ச்சறுக்குப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரன் நிமிர்ந்தான். அப்பப்பா... என்ன கண்கள்! சண்டைக்கு வந்த கண்கள்தான், ஆனாலும்...

“முதல் தடவையாங்க?”

“ஆமா. அதனால என்ன?”

“அப்போ ஜோடிதான் நல்லது. அகலமா இருக்கும்... படகு மெதுவா இழுத்தாலும் முங்காது.”

“ஊர்ல அத்தை, ஆபீஸ்ல மேனேஜர், இப்போ நீங்களுமா? ஒருத்தி ஒத்தையா இருந்தா யாருக்கும் பொறுக்காதே!”

“ஐயோ... நான் பலகையைச் சொன்னேங்க!”

அவள் முகம் சிவந்தது. ஜோடியையே வாடகைக்கு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் வந்தாள். அவன் மண்டியிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, பலகையின் ரப்பர் உறைக்குள் அவள் பாதங்களை நுழைத்துவிடுவான். மற்ற ஆறு நாளும் அவனுக்குப் பேச்சுத்துணை அறையிலிருந்த மின்விசிறிதான். ஞாயிறு எப்போது வரும் என்று ஏங்கினான்.

நாலாவது வாரமே அவள் தேறிவிட்டாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டுகூடச் சறுக்கினாள். ஆனால் ஒற்றைப் பலகைக்கு வேகப் படகு வேண்டும். அது அக்கரை கிளப்பில்தான் இருக்கிறது. போய்விட்டால்? “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க” என்று கூசாமல் புளுகினான். அடுத்த இரண்டு வாரமும் அதே புளுகு.

ஏழாவது ஞாயிறு, தலையைத் துவட்டியபடி அவள் முணுமுணுத்தாள். “எனக்கு எதுவுமே சீக்கிரம் வராது போல... சரியான மக்கு.”

அவனுக்குச் சுருக்கென்றது. ஒடுக்கமான ஒற்றைப் பலகை ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தான்.

“நீங்க மக்கு இல்லீங்க. மூணு வாரம் முன்னாடியே இதைக் குடுத்திருக்கணும். நான்தான் பொய் சொன்னேன். அக்கரைக்குப் போயிட்டா... உங்களைப் பார்க்க முடியாதேன்னு...”

“மூணு வாரமா என்னை மக்குன்னு நம்ப வெச்சீங்களா?”

விருட்டென்று வெளியேறினாள். போகட்டும், தனக்கு வேண்டியதுதான் என்று அவன் நினைத்தான். நெஞ்சு மட்டும் கேட்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தவன் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அவள்தான். அவள் கண்ணில் ஈரம்... மழையா, அழுகையா?

“வாரம் பூரா என் வீட்டுலயும் பேச ஆளில்ல, தெரியுமா? பார்க்கணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா...”

அவன் எழுந்து நின்றான்.

“நாளைக்குப் பார்க்கலாமா?”

“நாளைக்குத் திங்கக்கிழமை.”

“ஆமா...”

“எத்தனை மணிக்கு?” என்றாள் அவள்.